அல்காஸினியின் நீதித் தராசு

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நமக்குக் காது அடைக்கிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பிவிடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதே காரணம். விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று நம் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே படிக்கிறார்கள். காற்றும் பொருட்களை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த முஸ்லிம் அறிஞரைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டாமா?

அவர்தான் அப்துர் ரஹ்மான் அல்காஸினி. இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரில் வாழ்ந்தவர். பைசாந்திய வம்சாவளியில் வந்த அடிமைச் சிறுவனாக இருந்தார். அவருடைய எஜமானர் அரசவையின் கருவூலக் காப்பாளர், அதாவது காஸின். அந்தப் பெயரே இவருக்கும் நிலைத்தது. எஜமானர் அவருக்குக் கணிதமும் தத்துவமும் கற்க வழிசெய்தார். பின்னாளில் செல்ஜூக் சுல்தான் ஸன்ஜருக்காக வானியல் அட்டவணைகளைத் தயாரித்தார்.

ஹிஜ்ரி 515-ல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலை எழுதினார். ஞானத்தின் தராசு என்பது இதன் பொருள். ஐந்து தட்டுகள் கொண்ட தராசு ஒன்றை அதில் விவரித்தார். நகையை நீரில் மூழ்கவைத்து எடைபோட்டால் கலப்படம் தெரிந்துவிடும். மூழ்கிய பொருளின் மேற்பக்கத்தைவிட ஆழத்தில் இருக்கும் அடிப்பக்கத்தில் நீரின் அழுத்தம் அதிகம். அந்த வேறுபாடே பொருளை மேலே தள்ளி எடையைக் குறைத்துக் காட்டுகிறது. ஒரே எடையுள்ள தங்கத்தைவிட வெள்ளி அதிக இடத்தை அடைப்பதால், நீரில் வெள்ளியின் எடை அதிகமாகக் குறையும்.

ஆர்க்கிமிடிஸ் நீருக்குச் சொன்னதை அல்காஸினி காற்றுக்கும் பொருத்தினார். அடர்ந்த காற்றில் பொருளின் எடை குறையும், மெலிந்த காற்றில் கூடும் என்றார். கல்வராயன் உச்சியில் இருப்பது அந்த மெலிந்த காற்றுதான். டாரிசெல்லியும் பாஸ்கலும் காற்றழுத்தத்தை ஆராய்ந்தது 17-ஆம் நூற்றாண்டில்.

இவருக்கு முன் அல்இஸ்ஃபிஸாரி என்ற அறிஞர் இத்தகைய தராசு ஒன்றைச் செய்திருந்தார். தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய கருவூலப் பொறுப்பாளர் அதை உடைத்துவிட்டதாகவும், அந்தத் துயரத்திலேயே அறிஞர் இறந்ததாகவும் வரலாறு கூறுகிறது. அல்காஸினி அஞ்சாமல் அந்தப் பணியைத் தொடர்ந்தார். சுல்தான் அனுப்பிய 1000 தீனாரையும் திருப்பி அனுப்பினார். வீட்டில் தாமும் ஒரு பூனையும் மட்டுமே, ஆண்டுக்கு மூன்று தீனார் போதும் என்பது அவர் கணக்கு.

அளவையிலும் நிறுவையிலும் நீதி செலுத்துமாறு குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளைக்கு அறிவியலைப் பணியவைத்தவர் அல்காஸினி. அடிமைச் சிறுவனுக்குத் திறந்த கல்வியின் வாசல் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், மலையில் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க நாம் உதவுவோம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!