சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

மருத்துவராக இருந்து நோயாளியானவர் உண்டு. நோயாளியாக இருந்து மருத்துவம் கற்றவரும் உண்டு. இரண்டுமாக ஒரே உடலில் வாழ்ந்து, எலும்பும் நரம்பும் சிதைந்தோர்க்கு வழிகாட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

அம்மையார் 1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். மகளிர் மருத்துவத்தில் வல்லுநராக வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1954 சனவரியில் உடன் பணியாற்றியவர்களோடு சிற்றுலா சென்றபோது ஊர்தி விபத்துக்குள்ளாயிற்று. முகம் சிதைந்தது, முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. பணி செய்த மருத்துவமனையிலேயே அவர் படுக்கை நோயாளியானார்.

முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவட நரம்பு கூடுவதில்லை. ஆகவே அவருடைய முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து இறுக்கிய அறுவை மருத்துவத்தால் கிடைத்தது, உடலை நிமிர்த்தி உட்காரும் ஆற்றல் மட்டுமே. அதுவும் எளிதில் வந்ததா? உணர்வற்ற உடல் ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும்; எனவே இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூட்டுகள் இறுகாதிருக்க நாள்தோறும் பிறர் கால்களை மடக்கி நீட்ட வேண்டும். நேற்றுவரை பிறரைத் தேற்றியவர், இன்று தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது அவருக்குப் புதுவழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். நம் பச்சைமலைக்கு மேற்கே உள்ள கொல்லிமலையில் 1914இல் பிறந்த அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திப் புகழ்பெற்றவர். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே! கால்கள் போனால் என்ன, கைகள் இருக்கின்றனவே! மேரி அம்மையார் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கத்தியை எடுத்தார்.

இந்த அறுவை மருத்துவத்தின் முறை நாம் அறியத்தக்கது. நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலோடு இணைப்பார்கள். ஆனால் விறைத்த விரலில் நாணை இணைத்துப் பயனில்லை. எனவே அறுவைக்கு முன்பே எண்ணெய் தடவி, நீவி, பயிற்சி கொடுத்து விரல்களை இளக்குவர். அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் அந்தத் தசைக்குப் புதுவேலையைக் கற்பிக்க வேண்டும். மேசைமேல் நடக்கும் அறுவை ஒரு நாள் வேலை. முன்னும் பின்னும் உள்ளது பல வார உழைப்பு. தம் உடலிலேயே இதனைக் கற்றவர் சொல்லும்போது நோயாளிகள் நம்பினர்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் வேலைகளைத் தாமே செய்யும் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பார் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பி அத்துறையின் தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுந்து முதுகொடிந்த ஏழை உழவர்கள் அங்கே உட்காரவும் நகரவும் தொழில் செய்யவும் பழகினர். 1972இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! இவ்வரலாறு நமக்கு எதற்கு? எங்கள் எறையூர்ப் பக்கம் கரும்பு வண்டியிலிருந்து விழுந்து காலொடிந்தவர் உண்டு. கிணறு வெட்டும்போது இடுப்பொடிந்தவர் உண்டு. அறுவை என்றாலே அஞ்சுவோர் ஒரு பக்கம். மாவுக்கட்டைப் பிரித்த அன்றே எல்லாம் முடிந்தது என்று எண்ணி, முழங்கால் மடங்காமல் நொண்டுவோர் மறுபக்கம். மருத்துவமனைச் சீட்டைப் படித்துச் சொல்லுமாறு அவர்கள் வருவது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்னைப் போன்றவர்களிடம்தான். மாத்திரை பெயரைப் படித்துக் காட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? அறுவைக்குமுன் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் பீடியை விடவும் எடுத்துச் சொல்வோம். எந்தக் காலை எப்போது ஊன்றலாம், எந்தப் பயிற்சியை எத்தனை நாள் செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வந்து, வலித்தாலும் கைவிடாதிருக்கத் துணை நிற்போம்.

எழுந்து நிற்க இயலாதவர் எத்தனையோ பேரைத் தலைநிமிரச் செய்தார். வாழ்க அம்மையார் புகழ்!