சௌந்தரம் இராமச்சந்திரன்

மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் (ஆகஸ்ட் 18, 1904 - அக்டோபர் 21, 1984) தமிழகக் கல்வியாளரும் அரசியல்வாதியும் ஆவார். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான இவர், திருநெல்வேலியில் பிறந்தார். சிறுவயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். விதவைகளுக்குக் கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், பெற்றோர் ஆதரவுடன் படிப்பைத் தொடர்ந்து, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936ல் மருத்துவரானார். 1940ல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார்.

இருவரும் 1947ல் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் காந்திகிராமத்தை நிறுவினர். கல்லூரிகள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருந்தமையால் பள்ளியோடு படிப்பை நிறுத்திய கிராமத்து இளைஞர்களும் உயர்கல்வி பெறும் பொருட்டு, 1956ல் அங்கு கிராமிய உயர்கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. இது 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இவர் 1962ல் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் வென்று, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். அதே ஆண்டில் பத்ம பூஷண் விருது பெற்றார்.