ஃபோலிக் ஆசிட் முதல் டெட்ராசைக்ளின் வரை... மாத்திரைக்குப் பின்னாடி நின்ற மெட்ராஸ் டாக்டர்!

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி ரோட்டில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. மாசமா இருக்கிற மனைவிக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்க ஒருத்தர் வருவார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கேட்டு ஒரு பாட்டி வருவாங்க. முகப்பருவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டாக்ஸிசைக்ளின் சீட்டோட ஒரு காலேஜ் பையன் வருவான்.

மூணு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனா, அந்த மூணு மாத்திரைகளோட பூர்வீகத்தைத் தேடிப் போனா, மூணுமே ஒரே மனிதர் தலைமையில் நடந்த ஆய்வுக்கூடத்தில் போய் நிற்கும். அவர் டாக்டருக்குப் படிச்சது நம்ம மெட்ராஸில்தான். குரோம்பேட்டையில் பீச் ட்ரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கினா, பக்கத்திலேயே இருக்கே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்... அங்கேதான்.

பேர், எல்லப்ரகடா சுப்பாராவ். 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலைகூட வெளியிட்டிருக்கு. ஆனா, அவர் கதையில் குடல் எவ்வளவு பெரிய பாத்திரம்னு பலருக்கும் தெரியாது.

இன்னிக்கு எல்லாரும் மைக்ரோபயோம் பத்திப் பேசறோம். நம்ம குடலுக்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துது, அதுங்க நல்லா இருந்தா நாம நல்லா இருப்போம்னு ரீல்ஸ் போடறோம். புரோபயாட்டிக் தயிரைத் தேடி வாங்கறோம். சுப்பாராவ் காலத்தில் இந்தப் பேச்செல்லாம் கிடையாது. ஆனாலும், அவர் வாழ்க்கையில் முதல் பெரிய அடி விழுந்ததே குடலிலிருந்துதான்.

மூணாவது அட்டெம்ப்ட்டில் பாஸ்!

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். ஏழு பிள்ளைகளில் நாலாவது. வீட்டில் எப்பவும் பண நெருக்கடி. 13 வயசில், காசிக்குப் போய் யாத்திரை வர்றவங்களுக்கு வாழைப்பழம் வித்தா நல்லா சம்பாதிக்கலாம்னு வீட்டை விட்டே ஓடினார். அம்மா வெங்கம்மா விடலை. திரும்பக் கூட்டி வந்து படிக்க உட்கார வெச்சாங்க.

படிப்பும் லேசில் வரலை. அரியர் வெச்சிருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்: மெட்ரிகுலேஷனை அவர் தாண்டினது மூணாவது முயற்சியில். அதுவும் ஊரை மாத்தி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான்.

அப்புறம் மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ணா மிஷன் மேல ஈடுபாடு வந்து, துறவியாகிடலாம்னு நினைச்சார். அம்மா சம்மதிக்கலை. டாக்டராகிச் சேவை செய்யலாமேங்கிற யோசனையில் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். ஃபீஸுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கைகொடுத்தாங்க. 1919-ல் சேஷகிரியுடன் கல்யாணம்.

அது காந்தி அலை அடிச்ச காலம். ஆபரேஷன் தியேட்டருக்கும் கதர் அங்கியில் போனார் சுப்பாராவ். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. விளைவு, எம்.பி.பி.எஸ் கிடைக்கலை; அதுக்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைச்சது. அரசு மருத்துவப் பணிக்கு முயற்சி செஞ்சார். அதுவும் அமையலை.

ரெண்டு சாவு, ஒரே வியாதி

அந்த வருஷங்களில்தான் வீட்டில் இடி விழுந்தது. அவரோட சகோதரர்கள் ரெண்டு பேர், சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனாங்க. காரணம், டிராபிகல் ஸ்ப்ரூ என்கிற குடல் நோய். வயித்துப்போக்கு நிக்காது. சாப்பிடற எதுவும் உடம்பில் ஒட்டாது. நாக்கு புண்ணாகும், ரத்தம் வத்தும், ஆள் எலும்பும் தோலுமா ஆகிடுவாங்க.

சுப்பாராவையும் அதே நோய் பிடிச்சது. அவரைத் தேத்திக் கொண்டுவந்தது ஆயுர்வேத சிகிச்சை. அதைக் கொடுத்தவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. பிறகு அவரோட ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு பாடம் நடத்தினார் சுப்பாராவ். பிழைச்சாச்சு. ஆனா, இந்த நோய் ஏன் வருது, எது குணப்படுத்துதுங்கிற கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே கிடந்தது.

1920-களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியிலும் ஒரு அறக்கட்டளைப் பணத்திலும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்களுக்கான படிப்பு. அப்போ சேஷகிரி கர்ப்பமா இருந்தாங்க. ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயசு நிறையறதுக்குள்ளேயே இறந்தும்போனது. அப்பா மகன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜிம்முக்குப் போறவங்களும் கடன்பட்டிருக்கீங்க!

பாஸ்டனில் பகலில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. மெட்ராஸில் டாக்டருக்குப் படிச்சவர், அங்கே வார்டில் நோயாளிகளுக்குப் பணிவிடை செஞ்சுதான் செலவைச் சமாளிச்சார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடிச்சார். 1925-ல் வெளியான அந்த ஃபிஸ்கே - சுப்பாராவ் முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்னிக்கும் படிக்கறாங்க. அடுத்து, தசைகளுக்குச் சட்டுனு சக்தி கொடுக்கும் பாஸ்போகிரியேட்டின். நீங்க ஜிம்மில் கிரியேட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கறீங்களே, அது உடம்புக்குள்ள போய் இந்தப் பொருளாத்தான் மாறுது. 1929-ல், செல்களின் சக்திக் காசான ஏ.டி.பி-யைத் தசையிலிருந்து பிரிச்சதிலும் இந்த இருவர் அணிக்குப் பங்கு உண்டு. அதே சமயம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடிச்சிருந்தார்.

இவ்வளவு செஞ்சும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கலை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்கிற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சி இயக்குநரானார். பழைய கேள்வியை மறுபடி கையில் எடுத்தது அங்கேதான்.

அளவுகோலாக ஒரு பாக்டீரியா

இங்கே ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், பம்பாயில் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார் லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டர். ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மார்மைட்டைக் கொடுத்தா அந்தப் பெண்கள் தேறினாங்க. ஈரலிலும் அந்தக் குணம் இருந்தது. ஆனா, அதுக்குள்ள இருக்கிற பொருள் எதுன்னு யாருக்கும் பிடிபடலை.

அதைப் பிடிக்க உதவினது ஒரு பாக்டீரியா. லாக்டோபேசில்லஸ் கேசி. பேரைப் பார்த்தாலே தெரியுதா? புரோபயாட்டிக் பாட்டில் லேபிளில் நீங்க படிக்கிற அதே வகையறாதான். நம்ம குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஃபோலிக் ஆசிட் வகைச் சத்தைத் தாங்களே தயாரிச்சுக்கும். கேசிக்கு அந்தத் திறமை கிடையாது. வெளியிலிருந்து கிடைச்சாத்தான் வளரும். அந்தக் குறைதான் ஆய்வாளர்களுக்கு வரமானது.

மத்த எல்லாச் சத்தும் இருக்கிற திரவத்தில் கேசியை விட்டு, ஈரல் சாற்றில் ஒரு துளி சேர்ப்பாங்க. தேடற பொருள் அதில் இருந்தா பாக்டீரியா பெருகி, திரவம் கலங்கும். இல்லைன்னா தெளிவாவே கிடக்கும். இப்படி ஒவ்வொரு சாற்றையும் பிரிச்சு, சோதிச்சு, மறுபடி பிரிச்சு... கிலோ கணக்கில் ஈரலில் ஆரம்பிச்சா கடைசியில் மிஞ்சறது மில்லிகிராம்தான்.

இந்த வேலையில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சரியா கழுவலைன்னாலும் போச்சு. ஒட்டிக்கிட்டிருக்கிற துளிச் சத்தே கணக்கைக் கெடுத்துடும். அதனால் இங்கே குழாய் கழுவறவரும் ஆராய்ச்சியாளர்தான், சொல்லப்போனா.

சுப்பாராவின் அணியில் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் ஈரலிலிருந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுத்தார். 1945-ல் அதைச் செயற்கையாவே தயாரிச்சுக் காட்டியது குழு. அடுத்த வருஷம் ஃபோலிக் ஆசிட்டின் அமைப்பை விளக்கி வெளியான கட்டுரையில் மொத்தம் 16 பேரோட பெயர். இயக்குநரான சுப்பாராவ், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தர், அவ்வளவுதான்.

ஃபோலிக் ஆசிட்டை லேசா மாத்திச் செஞ்ச அமினோப்டெரினை, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாவது நோய் பின்வாங்கியது. கீமோதெரபியின் ஆரம்பங்களில் அதுவும் ஒண்ணு. பாட்டி வாங்கற மெத்தோட்ரெக்சேட், அந்த மருந்தோட தம்பி. நம்ம ஊரில் யானைக்கால் நோய்க்காகக் கொடுக்கற டி.இ.சி மாத்திரையும் இதே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் வந்ததுதான்.

அண்ணன் தம்பிக்குக் கிடைக்காத மருந்து

பெஞ்சமின் டக்கர் என்கிற தாவரவியல் பேராசிரியர், ரிட்டையரான பிறகு, 70 வயசைத் தாண்டி லெடர்லியில் வேலைக்குச் சேர்ந்தார். பல இடங்களிலிருந்து மண் வரவழைச்சு, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஒவ்வொண்ணா சோதிச்சார். மிசௌரி பல்கலைக்கழக வயல் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், ஆரியோமைசின் என்கிற மருந்தைக் கொடுத்தது. 1948-ல் உலகுக்கு அறிமுகமான இதுதான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. டாக்ஸிசைக்ளின் அதே குடும்பத்தில் பிறகு வந்தது.

இப்போ அந்த ரெண்டு சகோதரர்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. டிராபிகல் ஸ்ப்ரூவுக்கு இன்னிக்கு டாக்டர்கள் கொடுக்கிற வழக்கமான சிகிச்சை என்ன தெரியுமா? ஃபோலிக் ஆசிட், கூடவே டெட்ராசைக்ளின். ஒண்ணு, உடம்பு இழந்த சத்தைத் திருப்பிக் கொடுக்குது. இன்னொண்ணு, சிறுகுடலில் அளவுக்கு மீறிப் பெருகின பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துது. ரெண்டுக்குமே வேர், சுப்பாராவ் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் இருக்கு. என்ன, முப்பது வருஷம் தாமதம்.

கதை அங்கே முடியலை. 1960-களின் தொடக்கத்தில் நம்ம வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் மாதிரி பரவியது. வேலூர் சி.எம்.சி-யில் செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் போன்றவர்கள் வருஷக்கணக்கில் அதை ஆராய்ந்தாங்க. குடலில் எந்த பாக்டீரியா எங்கே, எவ்வளவு இருக்குன்னு தேடினாங்க. மைக்ரோபயோம்கிற வார்த்தை ஃபேஷன் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே! அந்த ஆராய்ச்சிக்கு சம்மதிச்ச கிராமத்து ஜனங்களோட பேர் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. அவங்க இல்லாம அந்தக் கட்டுரையே கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். ஆன்டிபயாட்டிக், கெட்ட பாக்டீரியாவோட சேர்த்து குடலில் இருக்கிற நல்லதையும் போட்டுத் தள்ளும். ஆரியோமைசின் தயாரிச்ச பிறகு மிஞ்சின சக்கையைத் தின்ன கோழிக்குஞ்சுகள் வேகமா வளர்ந்ததை லெடர்லி ஆட்களே பார்த்தாங்க. அதிலிருந்துதான் கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கிற பழக்கம் பெருசா கிளம்பியது. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருகி, இன்னிக்கு அது உலகத்துக்கே தலைவலி. அதனால் டாக்டர் சொல்லாம நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க, ப்ளீஸ்.

போர்டில் இல்லாத பேர்

ஆரியோமைசின் வெளியான சில வாரங்களிலேயே, 1948 ஆகஸ்டில், தூக்கத்தில் மாரடைப்பால் இறந்துபோனார் சுப்பாராவ். வயசு 53. கப்பல் ஏறினவர், ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர் படிப்புக்காகப் பிரிஞ்சு, குழந்தையையும் பறிகொடுத்த சேஷகிரி கடைசிவரை இங்கேயேதான் இருந்தாங்க. இந்த மாத்திரைகளுக்கு யார் யார் என்ன விலை கொடுத்தாங்கன்னு கணக்குப் போட்டா, அந்தம்மா பேரையும் எழுதித்தான் ஆகணும்.

ஒரு பூஞ்சை இனத்துக்கு சுப்பாரோமைசஸ்னு அவர் பேரை வெச்சிருக்காங்க. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவங்களுக்கு மட்டும் தெரியற ஞாபகச் சின்னம்!

நம்ம குரோம்பேட்டைக்கே அந்தப் பேர் வந்தது, ஒருகாலத்தில் இங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். கம்பெனி பேர் ஸ்டேஷன் போர்டு வரைக்கும் வந்துடுச்சு. தோலை ஊறவெச்சு, சுரண்டி, பதப்படுத்தின கைகளோட பேர் எங்கேயும் இல்லை.

அடுத்த தடவை மெடிக்கல் ஷாப்பில் ஃபோலிக் ஆசிட் அட்டையைக் கையில் வாங்கும்போது, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. கம்பெனி பேர் இருக்கும், எக்ஸ்பைரி தேதி இருக்கும். சுப்பாராவ் பேர் இருக்காது. இப்போ உங்களுக்குத் தெரியும்ல... பக்கத்தில் நிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க!