ஆட்டுப்பால் கொணர்ந்த அயலவர்

டிசெம்பர் முதலாந் திகதி புனித சார்ள்ஸ் டி பூக்கோவின் நினைவு நாள். மறைபரப்பாளர் என்றதும் எத்தனை பேருக்குத் திருமுழுக்கு வழங்கினார் என்றே கேட்டுப் பழகியுள்ளோம். சகாரா பாலைவனத்தில் துவாரக் இன முஸ்லிம் மக்களிடையே பதினொரு ஆண்டுகள் வாழ்ந்த இவர், அவர்களுள் ஒருவரைக்கூட மனந்திருப்பவில்லை.

1858இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிறந்த சார்ள்ஸ், ஆறு வயது நிறையுமுன்பே பெற்றோரை இழந்தார். இளமையில் விசுவாசத்தையும் இழந்து, படை அதிகாரியாக மனம்போன போக்கில் வாழ்ந்தார். 1883இல் கிறிஸ்தவர் நுழைய முடியாத மொரோக்கோ நாட்டை ஆராய யூத ரபியின் வேடத்திற் புறப்பட்டார். அவர் யாரென அறிந்துகொண்ட முஸ்லிம்கள் சிலர் காட்டிக்கொடாது காத்தனர். அம்மக்கள் கடவுள் முன்னிலையில் வாழ்ந்த விதமும் அவர் மனதை அசைத்தது. 1886 ஒக்டோபரில் பாரிஸ் நகரில் அருட்தந்தை யூவெலினிடம் பாவசங்கீர்த்தனஞ் செய்து திருச்சபைக்குத் திரும்பினார். அவரைக் கடவுளிடம் திருப்பிய பாதையில் இஸ்லாமியரின் தொழுகைக்கும் இடமிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் திரப்பிஸ்ட் துறவியானார்; நாசரேத்தில் அருட்சகோதரிகளின் மடமொன்றிற் பணியாளராக உழைத்தார்; 1901இல் குருவானார். அல்ஜீரியாவின் பெனி அபேஸ் என்னும் ஊரில் தங்கி, வழிப்போக்கரையும் வறியோரையும் மத வேறுபாடின்றி வரவேற்றார். 1905இல் இன்னும் தெற்கே, தமன்ராசெத் என்னும் சிற்றூருக்குச் சென்றார். ஹொகார் துவாரக் மக்களின் தலைவர் மூஸா அக் அமஸ்தான் அங்கே குடியிருக்க இசைவளித்தார். சார்ள்ஸ் அம்மக்களின் மொழியைக் கற்று, பாடல்களைச் சேகரித்து, அகராதி எழுதத் தொடங்கினார்.

1907இல் கொடிய வரட்சி நிலவியது. தம்மிடமிருந்த உணவைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார். அவ்வாண்டின் கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவராற் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியவில்லை. பங்குகொள்ள ஒரு கிறிஸ்தவராவது இருக்கவேண்டுமென்பது அன்றைய சட்டம். ஒரு குருவுக்கு அது எத்தகைய வெறுமை என்பதைக் குருவாகிய நான் ஓரளவு உணர்வேன். 1908 ஜனவரியில் நோயுற்று, அசையவும் இயலாது கிடந்தார்.

அப்போது அயலிலிருந்த துவாரக் மக்கள் சுற்றுவட்டாரமெங்கும் தேடினார்கள். வரட்சியிற் பால் வற்றிப்போயிருந்த காலம். எங்கோ ஓரிரு ஆடுகளிடம் எஞ்சியிருந்த பாலைக் கறந்து கொணர்ந்து ஊட்டினார்கள். அதுவரை கொடுப்பவராகவே இருந்தவர், வெறுங்கையராகப் படுத்து, அவர்களின் கையிலிருந்து உயிரைப் பெற்றார். நட்பு உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்பேன். கொடுப்பவன் மேலேயும் பெறுபவன் கீழேயும் நிற்கும்வரை அதற்கு வேறு பெயர்.

சார்ள்ஸ் குறையற்றவரல்லர். பிரெஞ்சு ஆட்சி அம்மக்களுக்கு நன்மையென நம்பினார். படை அதிகாரிகளோடு தொடர்பும் வைத்திருந்தார். முதலாம் உலகப் போரின்போது, மக்கள் அடைக்கலம் புகுவதற்கென அவர் கட்டிய சிறு கோட்டையில் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டிருந்தன.

1916 டிசெம்பர் 1ஆந் திகதி மாலை, அறிந்த ஒருவரின் குரல் கேட்டுக் கதவைத் திறந்தார். வெளியே காத்திருந்த ஆயுதக் குழுவினர் அவரைப் பிடித்துக் கட்டினர். காவலுக்கு நின்ற இளைஞன் பதற்றத்தில் அவரைச் சுட்டான். அவர் தயாரித்த அகராதி 1951, 1952ஆம் ஆண்டுகளில் நான்கு பாகங்களாக வெளிவந்தது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கொலை நடந்தபோது மூஸா தொலைவில் இருந்தார். செய்தி எட்டியதும், பிரான்சிலிருந்த சார்ள்ஸின் சகோதரி மரிக்கு அதே மாதத்தில் ஆறுதற் கடிதம் எழுதினார். நண்பனுக்காகத் தாம் கண்ணீர் சிந்தியதையும், தமது மக்கள் துயருற்றிருப்பதையும் அந்த முஸ்லிம் தலைவர் அதில் தெரிவித்திருந்தார்.