பாட்டைப் பார்க்க வைத்த பாடகர்

பாட்டு என்றால் காதால் கேட்பது. அதைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று மேல்நாட்டு ரசிகர்களைப் பழக்கிவிட்டவர்களில் ஒருவர், பெரிய கூச்சக்காரர். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்!

அவர்தான் பிரெடி மெர்க்குரி.

பெயரைப் பார்த்தால் அசல் வெள்ளைக்காரர் போலத் தோன்றும். அது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் பரூக் புல்சாரா. பம்பாய்ப் பக்கத்துப் பார்சிக் குடும்பம். தகப்பனார் ஆப்பிரிக்காக் கரையை ஒட்டிய ஜான்சிபார் தீவில், கோர்ட்டில் காசாளர். அங்கே 1946-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பரூக் பிறந்தான்.

மலைமேல் பள்ளிக்கூடம்

எட்டு வயதில் பையனைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பூனாவுக்குத் தெற்கே, மலைமேல் உள்ள பஞ்சகனி என்ற ஊரில் விடுதிப் பள்ளிக்கூடம். தாயும் தகப்பனும் கடலுக்கு அப்பால்! லீவு விட்டால் பம்பாயில் அத்தை வீடு.

பையன் பியானோ வாசித்தான். நண்பர்களைச் சேர்த்து "ஹெக்டிக்ஸ்" என்ற இசைக்கோஷ்டி அமைத்தான். பிரெடி என்ற செல்லப் பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு ஒரு குறை. மேல்வரிசையில் நான்கு பற்கள் அதிகம். அவை முன்பற்களை வெளியே தள்ளின. பிற்காலத்தில் கையில் பணம் புரண்டபோதும் அவற்றை அவர் பிடுங்கவில்லை. பல் போனால் குரலும் மாறிவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

1964-ம் ஆண்டு ஜனவரியில் ஜான்சிபாரில் புரட்சி வெடித்தது. பலர் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடிவந்தது. லண்டனை அடுத்த பெல்தாம் என்ற ஊரில் குடியேறியது. பிரெடிக்கு அப்போது வயது 17.

ஓவியக் கல்லூரியில் சேர்ந்து 1969-ல் பட்டயம் பெற்றார். விமான நிலையத்தில் மூட்டை தூக்கினார். சந்தையில் பழைய துணி விற்றார். 1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவருடன் சேர்ந்து "குயின்" இசைக்கோஷ்டியைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜான் டீக்கன் சேர்ந்தார். கோஷ்டியின் சின்னத்தை வரைந்தது பிரெடிதான். படித்த படிப்பு வீண் போகவில்லை!

ஆறு நிமிடப் பாட்டு

1975-ம் ஆண்டு. "பொகீமியன் ராப்சடி" என்று ஒரு பாட்டை பிரெடி எழுதினார். இசைத்தட்டு என்றால் மூன்று நிமிடம் ஓடும் என்பது அந்நாள் வழக்கம். இதுவோ ஏறக்குறைய ஆறு நிமிடம்! வானொலியில் யார் இவ்வளவு நேரம் போடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். லண்டன் வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட், இரண்டே நாளில் 14 தடவை போட்டுவிட்டார். கடைகளில் கூட்டம் மொய்த்தது.

இனி டெலிவிஷனில் தோன்ற வேண்டும். பி.பி.சி.யில் வாரந்தோறும் ஒரு பாட்டு நிகழ்ச்சி. பாடகர்கள் அங்கே போய், தட்டு ஓட ஓட வாயை அசைப்பார்கள். இந்தப் பாட்டின் நடுவிலோ ஒரு பெரிய பாடகர் கூட்டமே பாடுவது போல இருக்கும். உண்மையில் மூன்று பேர்தான் திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்திருந்தார்கள். மேடையில் நான்கு பேர் நின்று வாயை அசைத்தால் பார்க்கச் சகிக்குமா? அதோடு ஊர் ஊராகக் கச்சேரியும் காத்திருந்தது.

எனவே தாங்களே படம் எடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

நவம்பர் 10-ந் தேதி எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் புரூஸ் கவர்ஸ் என்ற டைரக்டர் அதை எடுத்தார். நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு சுமார் 4,500 பவுன். இருட்டில் நான்கு முகங்கள் தோன்றும். பட்டை தீட்டிய கண்ணாடியைக் காமிரா முன் வைத்து, ஒரு முகத்தைப் பல முகம் ஆக்கினார்கள். காமிராவை டெலிவிஷன் பெட்டிக்கு நேராகத் திருப்பி, உருவம் எதிரொலி போல அடுக்கடுக்காக ஓடும்படி செய்தார்கள். ஒரு வேடிக்கை. டீக்கன் தட்டில் பாடவே இல்லை. ஆனால் நான்கில் ஒரு முகம் அவருடையது!

நவம்பர் 20-ந் தேதி பி.பி.சி. அதைக் காட்டியது. ஒன்பது வாரம் அந்தப் பாட்டுதான் விற்பனையில் முதல் இடம்.

பாட்டுக்குப் படம் எடுத்தவர்கள் முன்பும் உண்டு. பீட்டில்ஸ் கோஷ்டியினர் 1966-லேயே எடுத்தார்கள். ஆனால் நல்ல படம் இருந்தால் தட்டு விற்கும் என்று கம்பெனிகள் கண்ணைத் திறந்துகொண்டது இதற்குப் பிறகுதான். 1981 ஆகஸ்டு 1-ந் தேதி, பாட்டுப் படங்களையே காட்டும் எம்.டி.வி. அமெரிக்காவில் தொடங்கியது.

பெண் வேஷம்

1984-ல் ஒரு படத்தில் நால்வரும் பெண் வேஷம் போட்டார்கள். பிரெடி மீசையோடு பாவாடை கட்டி, வீட்டைச் சுத்தம் செய்தார். இங்கிலாந்து வயிறு வலிக்கச் சிரித்தது. அமெரிக்கா முகம் சுளித்தது. அதற்குப் பிறகு அங்கே குயின் பாட்டுகளுக்கு மவுசு குறைந்தது. வேடிக்கை தெரியாதவர்களுக்காக பிரெடி வருந்தியதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு "ரேடியோ கா கா" படத்தில், ரசிகர்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார்கள். மறு ஆண்டு ஜூலை 13-ந் தேதி, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பெரிய கச்சேரி. 72 ஆயிரம் பேர். அந்தப் பாட்டு வந்ததும் மைதானம் முழுவதும் கைகள் எழும்பின. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தில் பார்த்ததுதான்!

கடைசிப் படம்

1987-ல் அவருக்கு எய்ட்ஸ் நோய் இருப்பது தெரிந்தது. அந்நாளில் அது மரண தண்டனை. நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

1991 மே மாதம் கடைசியாகக் காமிரா முன் நின்றார். உடல் துரும்பாகியிருந்தது. கனமான மேக்கப் போட்டார்கள். நோய் தெரியக்கூடாது என்று கறுப்பு வெள்ளையில் காட்டினார்கள். மெல்ல அசைந்து பாடினார். முடிவில் காமிராவைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

நவம்பர் 23-ந் தேதி தமது நோயை உலகுக்கு அறிவித்தார். மறுநாள் இரவு உயிர் பிரிந்தது. வயது 45. பார்சிக் குருமார்கள் மந்திரம் ஓத, லண்டனில் தகனம் நடந்தது.

அடுத்த மாதம் "பொகீமியன் ராப்சடி" மீண்டும் தட்டாக வந்தது. ஐந்து வாரம் முதல் இடம். அதில் வந்த பணம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் ஒரு தருமத்துக்குப் போயிற்று.