பித்தளை வளையத்தால் விமானிகளைக் காத்த பெண்

அது 1940-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் வானத்தில் தினந்தோறும் சண்டை. ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவற்றை விரட்ட ஸ்பிட்பயர், ஹரிகேன் என்ற சண்டை விமானங்களில் வாலிபர்கள் பறந்து சென்றார்கள்.

அகப்பட்டுக்கொள்ளும் நேரத்தில் எதிரி ஒரு தந்திரம் செய்வான். திடீரென்று விமானத்தின் மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்வான். துரத்தி வரும் விமானியும் அப்படியே பாய்வார். அவ்வளவுதான்! அவருடைய என்ஜின் திணறும். கரும்புகை கக்கும். சில சமயம் நின்றே போகும். அதற்குள் எதிரி தப்பிவிடுவான். அல்லது திரும்பி வந்து சுடுவான். ஒரு நொடித் திணறல், ஓர் உயிரின் விலை ஆயிற்று.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் ஒரு பெண். அவர் பெயர் பீட்ரிஸ் ஷில்லிங்.

கசாப்புக் கடைக்காரர் மகள்

பீட்ரிஸ் 1909-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி இங்கிலாந்தில் வாட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கசாப்புக் கடை வைத்திருந்தார். மற்றப் பெண்கள் பொம்மை வாங்கும் வயதில், இவர் கைக்கருவிகளைத் தேடினார். 14 வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

மார்கரெட் பாட்ரிட்ஜ் என்ற பெண் என்ஜினீயரிடம் சேர்ந்து மின்சார வேலை பழகினார். பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தார். அந்த நாளில் அந்த வகுப்பில் பெண்களைக் காண்பதே அரிது. 1932-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே மேல் பட்டமும் பெற்றார்.

புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரப் பரிசும் வாங்கினார். 1936-ல் பார்ன்பரோவில் உள்ள அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1938-ல் ஜார்ஜ் நெய்லர் என்பவரை மணந்தார்.

நோய் எங்கே?

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். தொட்டி நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து மேலே எழும்பிக் குழாயின் வாயை அடைத்துவிடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும். வாய் திறக்கும். அந்த விமானங்களில் இருந்த மெர்லின் என்ஜினின் கார்புரேட்டரும் இப்படித்தான் வேலை செய்தது. தண்ணீருக்குப் பதில் பெட்ரோல்.

மேட்டில் ஏறி இறங்கும் பஸ்ஸில் கடைசி வரிசையில் இருப்பவரைத் தூக்கிப் போடுகிறது அல்லவா? விமானம் சட்டென்று மூக்கைச் சாய்த்தால், பெட்ரோலும் அப்படியே மேலே தூக்கி எறியப்படும். அடியில் உள்ள துளைக்குப் பெட்ரோல் கிடைக்காது. என்ஜின் ஒரு கணம் பட்டினி கிடக்கும். இது முதல் திணறல்.

அடுத்த திணறல்தான் ஆபத்தானது. தலைகீழான நிலையில் மிதவை ஏமாந்துபோய், குழாயின் வாயை முழுவதும் திறந்துவிடும். பம்பு பெட்ரோலை வாரி இறைக்கும். பட்டினி கிடந்த என்ஜின் இப்போது மூச்சு முட்டித் திணறும். கரும்புகைக்குக் காரணம் அதுவே.

ஜெர்மானியர் என்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் பெட்ரோலை ஊசி போடுவதுபோல் நேரே உள்ளே செலுத்தும் பம்பு இருந்தது.

சின்ன வளையம்

புதிய கார்புரேட்டர் செய்ய மாதக்கணக்கில் ஆகும். போர் அதுவரை காத்திருக்குமா? பீட்ரிஸ் ஒரு சுலபமான வழி கண்டார். முழு வேகத்தில் ஓடும் என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அதற்கு மேல் ஒரு சொட்டும் போகக்கூடாது. அந்த அளவுக்குத் துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றைப் பெட்ரோல் குழாயில் வைத்தார். பிறகு அது வெறும் வளையமாகவே செய்யப்பட்டது.

விமானத்தைப் பட்டறைக்கு அனுப்பவேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே மாட்டிவிடலாம். பீட்ரிஸும் அவருடைய கூட்டத்தாரும் விமான நிலையம் விமான நிலையமாகச் சென்று மாட்டினார்கள். 1941 மார்ச் மாதத்திற்குள் சண்டை விமானப் படை முழுவதற்கும் வளையம் வந்துவிட்டது. விமானிகள் அதற்கு அவருடைய பெயரையே செல்லமாகச் சூட்டினார்கள்.

நோய் அடியோடு தீரவில்லை. முதல் திணறல் கொஞ்சம் இருந்தது. ஆனால் என்ஜின் நின்றுபோகும் ஆபத்து நீங்கிற்று. 1943-ல் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை இந்த வளையமே கைகொடுத்தது.

சென்னையின் தொடர்பு

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. போர் விமானங்கள் வாங்கச் சென்னை ராஜதானியில் நிதி திரட்டினார்கள். அதன் நினைவாக 79, 234 என்ற இரண்டு விமானப் பிரிவுகளுக்குச் சென்னை ராஜதானியின் பெயர் சூட்டப்பட்டது. அவற்றில் ஒன்று ஹரிகேனும் மற்றொன்று ஸ்பிட்பயரும் ஓட்டியது. இரண்டிலும் அதே மெர்லின் என்ஜின்தான்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்று அஞ்சி, சென்னை நகரத்தை விட்டு ஏராளமான மக்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டில் 79-வது பிரிவு இந்தியாவுக்கு வந்து, பர்மா போர்முனையில் சேர்ந்தது.

போருக்குப் பிறகும் பீட்ரிஸ் ஆராய்ச்சியை விடவில்லை. மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானம் வழுக்குவதைப் பற்றியும் ஆராய்ந்தார். கணவருடன் கார்ப் பந்தயத்திலும் ஓடினார். 1969-ல் ஓய்வு பெற்றார். 1990 நவம்பர் 18-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய ராணுவ ஜீப் ஒன்று திணறி நின்றால், கைதேர்ந்த மெக்கானிக் உடனே என்ஜினைப் பிரிக்கமாட்டார். பெட்ரோல் குறைவாக வருகிறதா, அதிகமாக வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பீட்ரிஸ் ஷில்லிங் பார்த்ததும் அதைத்தான்.