சாயத்தால் இரத்தத்தைப் படித்தவர் – டாக்டர் பால் எர்லிக்

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொட்டுக்குச் சாயம் போட்டால் என்னென்ன தெரியும் என்று உலகுக்குக் காட்டியவர் ஜெர்மன் டாக்டர் பால் எர்லிக்.

1854 மார்ச் 14-ஆம் நாள், இன்று போலந்து நாட்டில் இருக்கும் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். பரீட்சை என்றாலே அவருக்கு ஆகாது. (மார்க்கு குறைஞ்சா பிரம்பைத் தேடுகிற அப்பாமார் கவனிக்கவும்!) ஆனால் சாயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஊரார் துணிக்குப் போட்ட சாயத்தை இவர் உடம்பின் அணுக்களுக்குப் போட்டுப் பார்த்தார்.

ஒரே சாயம் எல்லா அணுவிலும் ஒட்டவில்லை. 1879-ல், இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்ளும் ஒருவகை வெள்ளை அணுவை அடையாளம் காட்டினார். வெள்ளை அணுக்களில் பல வகை உண்டென்பது தெளிவாயிற்று. இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் கணக்கு வழக்கில்லாமல் பெருகும். எந்த வகை பெருகுகிறது என்று பிரித்தறிய இவருடைய சாயங்கள் வழி திறந்தன. பிள்ளை வெளுத்துப்போய், ஓயாத காய்ச்சலோடு, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்திருந்தால், கண்ணேறு என்று மந்திரிக்க ஓடாதீங்க; முதலில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்க.

இடையில் எர்லிக்கையே காசநோய் பிடித்தது. எகிப்து போய்த் தேறி வந்தார். அணுவின்மேல் சிறு கொக்கிகள் உண்டு, பூட்டுக்குச் சாவிபோல் நச்சுப்பொருள் அதில் மாட்டுகிறது என்று 1897-ல் விளக்கினார். 1908-ல் மெச்னிகாஃப் என்பவரோடு நோபெல் பரிசு பெற்றார். மேகநோய்க்கு ஜப்பானியரான ஹாத்தாவோடு சேர்ந்து கண்ட 606-ஆம் எண் மருந்து 1910-ல் வெளிவந்தது.

புற்றணு உடம்பில் அடிக்கடி முளைக்கிறது, உடம்பின் காவற்படை அதைக் கிள்ளி எறிகிறது என்று 1909-ல் கருத்துச் சொன்னார். ஆனால் ஒரு சிக்கல் பாருங்க. உடம்பு தன் அணுவையே தாக்காது என்று சொன்னவரும் இவர்தான்! புற்றணுவோ கெட்டுப்போன சொந்தப் பிள்ளை. காவலுக்கு அது எப்படித் தெரியும்? விடை காணாமலே 1915 ஆகஸ்டு 20-ல் கண்ணை மூடினார். பிராங்க்பர்ட் நகரத் தெருவொன்றிலிருந்த அவர் பெயரை, யூதர் என்பதால் நாஜிகள் பின்னர் அழித்தார்கள்; போருக்குப் பின் மீண்டும் வைத்தார்கள்.

விடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் பி வகை வெள்ளை அணுதான் கெடுகிறது. அதன்மேல் சிடி-19 என்னும் அடையாளம் இருக்கிறது. நோயாளியின் டி அணுக்களை எடுத்து, அந்த அடையாளத்தைப் பிடிக்கும் கொக்கியை அவற்றில் முளைக்கச் செய்து, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். மற்ற மருந்துக்கு அடங்காத நோய்க்கு இதை 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. நல்ல பி அணுக்களுக்கும் அதே அடையாளம் உண்டு; அவையும் சேர்ந்தே சாகின்றன. அதை எதிர்ப்புப் பொருள் ஏற்றிச் சமாளிக்கலாம். செலவோ ஏழைக்கு எட்டாது. சில பிள்ளைகளிடம் புற்றணு அந்த அடையாளத்தையே உதறிவிட்டு ஒளிந்துகொள்கிறது. நோய் திரும்பி வருகிறது. அப்போது டாக்டர்கள் வேறோர் அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கிறது.